கடனா, அன்பா: சிலுவைக்கு இரண்டு விளக்கங்கள்

இயேசு ஏன் சாக வேண்டியிருந்தது? 1098-இல் கிறிஸ்தவ இறையியலாளர் அன்செல்ம் எழுதி முடித்த பதில்: பாவம் என்பது கடவுளுக்குத் தரவேண்டிய மரியாதையில் விழுந்த கடன். அடைக்க வேண்டியவன் மனிதன், அடைக்க முடிந்தவர் கடவுள் மட்டுமே. ஆகவே இரண்டுமான ஒருவர் தேவை. (நமக்குப் பதில் தண்டனை அனுபவித்தார் என்று அழுத்திச் சொன்னது பின்னால் வந்த புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதிகள்.) கணக்கு கச்சிதம்தான். ஆனால் இயேசு சொன்ன ஊதாரி மகன் கதையில் அப்பா கணக்கே கேட்கவில்லை. தூரத்தில் பார்த்ததுமே ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்.

குற்றமற்றவரின் ரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமையில்லையா என்று அடுத்த தலைமுறை இறையியலாளர் அபெலார்டு கேட்டார். சிலுவை அன்பைக் காட்டி நம்மை மாற்றுகிறது என்பது அவர் வாதம். ஒழுக்க ரீதியில் எனக்கு இதுதான் ஒப்புகிறது. சரி, அன்பைக் காட்ட உயிரையே விட வேண்டுமா? அந்த இடத்தில் அன்செல்மிடம் பதில் இருக்கிறது. அபெலார்டு கொஞ்சம் தடுமாறுகிறார்.