மேற்பரப்பிலிருந்து திட்டமிட்ட தொட்டி: கோடிட்ட கில்லி மீன்களுடன் மூன்றாண்டுகள்

கில்லி மீன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, ஆப்பிரிக்காவின் மழைக்குட்டைகளில் சில மாதங்களே வாழ்ந்து, சேற்றில் முட்டையிட்டுவிட்டு மடியும் நோத்தோபிராங்கியஸ் இனங்கள்தான். நான் வளர்ப்பது அந்த வகையன்று. தென்னிந்திய ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் இயல்பாகக் காணப்படும் அப்லோகைலஸ் லீனியேட்டஸ் என்னும் கோடிட்ட கில்லி, நல்ல பராமரிப்பில் நான்கு ஆண்டுகள் வரை வாழும், 10 செ.மீ. வரை வளரும். மலையாளத்தில் இதற்கு மானத்துக்கண்ணி என்று பெயர். வானத்தை நோக்கிய கண்ணும், மேல்நோக்கித் திறக்கும் வாயும், தட்டையான நெற்றியும் சேர்ந்து, நீரின் மேற்பரப்பை ஒட்டியே வாழப் பிறந்த மீன் இது. கடைகளில் 'கோல்டன் வொண்டர்' என்று கிடைக்கும் பொன்மஞ்சள் மீனும் இதே இனத்திலிருந்து நிறத்துக்காகத் தேர்ந்து பெருக்கப்பட்டதே. நான் இயல்பு நிறமுள்ளவற்றையே தேர்ந்தேன்: ஓர் ஆண், மூன்று பெண்கள்.

கோயம்புத்தூரில் என் வீட்டில் உள்ள தொட்டி 90 செ.மீ. நீளமும், 40 செ.மீ. அகலமும் உயரமும் கொண்டது. ஏறத்தாழ 120 லிட்டர் நீர் நிற்கிறது. செடிகளுடன் மீன்தொட்டி அமைப்பவர்கள் பொதுவாக அடிமண்ணிலிருந்து யோசிக்கத் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அது தவறு. இந்த மீனுக்கான தொட்டியை மூடியிலிருந்தும், மிதக்கும் செடிகளிலிருந்தும் கீழ்நோக்கித்தான் திட்டமிட வேண்டும் என்பதை முதல் ஆண்டின் இழப்புகளே எனக்குக் கற்றுத் தந்தன.

முதல் இழப்பு மூடியால் நேர்ந்தது. விளக்கின் மின்கம்பி செல்வதற்காகக் கண்ணாடி மூடியின் மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தேன். ஆறாவது நாள் காலையில் ஆண் மீன் தரையில் காய்ந்து கிடந்தது. இப்போது அந்த இடைவெளியைப் பஞ்சால் அடைத்திருக்கிறேன். மூடிக்கும் நீருக்கும் இடையே நான்கு விரல் காற்றிடம் விட்டிருக்கிறேன். மேற்பரப்பை மூன்றில் ஒரு பங்காவது மிதக்கும் செடிகள் மூடியிருந்தால், மீன்கள் திடுக்கிட்டுத் துள்ளுவது வெகுவாகக் குறைகிறது. அதற்கு வாட்டர் ஸ்பிரைட் செடியை மிதக்கவிட்டதே எனக்குச் சிறந்த பலனைத் தந்தது. அதன் தொங்கும் வேர்களே இவற்றின் மறைவிடம், அவையே முட்டையிடும் இடமும்.

மேலே நிழல் விழுந்தால் கீழே எல்லாச் செடியும் வளராது. தரைவிரிப்புப் போலப் படரும் செடிகளுக்கு ஆசைப்பட்டு இரண்டு முறை பணத்தை வீணாக்கிய பிறகு, நிழலில் நிற்கும் செடிகளுக்கு மாறினேன். மரக்கட்டையில் கட்டிய ஜாவா ஃபெர்ன், அனூபியாஸ், மணலில் ஊன்றிய கிரிப்டோகோரைன் வெண்டி ஆகியவை இன்றுவரை நிலைத்திருக்கின்றன. இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன், நட்ட சில நாள்களில் இலைகளைக் கரைத்துக்கொண்டு செத்ததுபோல் தோன்றும். பிடுங்கிவிடக் கூடாது, வேர் உயிரோடு இருக்கும், சில வாரங்களில் புதிய தளிர் வரும். கரியமில வாயு உருளை எதுவும் தேவைப்படவில்லை. எல்.இ.டி. விளக்கு நாளுக்கு ஏழு மணி நேரம் எரிகிறது. ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்று மெதுவாக ஓடுகிறது. வேகமான நீரோட்டத்தை இந்த மீன் விரும்புவதில்லை.

துணை மீன்களைத் தேர்வதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. கில்லி சாதுவாகத் தோன்றினாலும் வேட்டையாடும் மீன். வாய்க்குள் அடங்குவதை விட்டுவைக்காது. தொடக்கத்தில் விட்ட எட்டு நியான் டெட்ராக்களும் சிறிய இறால்களும் இரண்டு வாரத்தில் காணாமல் போயின. அதன்பிறகு நீர்மட்டத்தின் அடுக்குகளைக் கணக்கிட்டுச் சேர்த்தேன். நடு அடுக்குக்கு, மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளைச் சேர்ந்த மெலன் பார்ப் எட்டு. அடிப்பகுதிக்கு, நம் அயிரை. மதுரையில் குழம்புக்காக உயிருடன் விற்கும் அதே அயிரையைத்தான் வாங்கி வந்தேன். மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே விட்டேன்.

அயிரை மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே காட்டிக்கொண்டிருக்கும் அழகுக்காகவே இந்தத் தொட்டியை அமைத்திருக்கலாம். ஆனால் செடிகளுக்காக நான் மணலுக்கு அடியில் தோட்ட மண்ணைப் பரப்பியிருந்தேன். அயிரைகள் அந்த மண்ணைக் கிளறி மேலே கொண்டுவந்ததால் ஒரு மாதம் நீர் தெளியவே இல்லை. தொட்டியைக் கலைத்து, மண்ணை அகற்றி, சலித்துக் கழுவிய நுண்ணிய ஆற்றுமணலை மட்டும் இட்டு, செடிகளின் வேரருகே உர வில்லைகளைப் புதைத்தேன். அயிரை குடலாலும் சுவாசிக்கும் மீன் என்பதால் அவ்வப்போது அம்புபோல் மேலேறிக் காற்றை விழுங்கும். முதல் வாரத்தில் அந்தப் பாய்ச்சல் கில்லிகளை மிரட்டியது. பிறகு அவை பொருட்படுத்துவதில்லை.

எங்கள் ஆழ்குழாய் நீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள உப்புகளின் அளவு, 900ஐத் தாண்டும். அதன் ஒரு பங்குடன், ஒரு நாள் காற்றூட்டி வைத்த, உப்பு குறைந்த சிறுவாணிக் குடிநீர் மூன்று பங்கைச் சேர்த்து 250 அளவில் வைத்திருக்கிறேன். கோடையில் நீர் 32 டிகிரியைத் தொடும்போது சிறு மின்விசிறி இரண்டு டிகிரி குறைக்கிறது. விசிறியால் நீர் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கும். ஆகவே குறைந்த நீரை ஈடுசெய்யச் சிறுவாணி நீரை மட்டுமே ஊற்றுகிறேன்.

உணவாகக் கொசுப்புழுவுக்கு நிகராக எதையும் நான் காணவில்லை. வாளியை வலையால் இறுக மூடி வளர்த்து, கூட்டுப்புழுவாக மாறுவதற்குள் ஒன்றுவிடாமல் வடித்துவிட வேண்டும். இதில் அசட்டை கூடவே கூடாது. மிதக்கும் குருணை உணவு மட்டும் இட்ட மாதங்களில் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் படிந்தது. மேற்பரப்பிலேயே வாழும் மீனுக்கு அது நல்லதன்று என்பதால், மெல்லிய காகிதத்தை விரித்து ஒற்றியெடுத்தேன்.

இரண்டாம் ஆண்டில் வேர்களில் முட்டைகளைக் கண்டேன். தினம் ஒன்றிரண்டாக ஒட்டியிருக்கும் அவற்றைப் பெற்ற மீன்களே தின்றுவிடும். விரலால் மெதுவாக எடுத்து, வாதாம் இலை ஒன்று இட்ட கிண்ணத்தில் வைத்தால், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பொரிக்கின்றன. குஞ்சுகளுக்கு அப்போதே பொரித்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறால் போதும். ஆனால் பத்து நாள் மூத்தது இளையதை விழுங்கிவிடுவதால், அளவு பார்த்து மூன்று கிண்ணங்களில் பிரிக்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு பிழைத்த 22 குஞ்சுகளில் ஆறை வைத்துக்கொண்டு, மற்றவற்றை வளர்ப்போரிடம் கொடுத்தேன். முதலில் இறந்ததற்கு ஈடாக வாங்கிய ஆணுக்கு இப்போது முதுகு சற்றே வளைந்துவிட்டது. ஆயினும் விளக்கு எரிந்ததும் செடியின் நிழலுக்கு அடியிலிருந்து முதலில் வெளியே வருவது இன்றும் அதுவே.