நடைக்கோல்: பல வருடம் ஊன்றி நடந்தபின்

காட்டிலும் மலையிலும் ஊன்றி நடக்க என்னிடம் இப்போது இரண்டு கோல்கள் இருக்கின்றன. ஒன்று, மூன்று துண்டாக உள்ளுக்குள் செருகிச் சுருக்கும் அலுமினியக் கோல். இன்னொன்று, தோள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான மரத்தடி. நடுவில் ஒரு கார்பன் ஃபைபர் ஜோடியும் வந்து போனது. வாங்கப் போகும் எல்லோரும் முதலில் கையில் தூக்கி எடை பார்க்கிறார்கள். நான் கடைசியில் பார்ப்பது அதைத்தான். கோலில் எந்தெந்த இடத்திலெல்லாம் கை பிடிக்க முடிகிறது என்று முதலில் பாருங்கள்.

காரணம் எளிது. சமதளத்தில் ஊன்றி நிற்கும்போது முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும், ஏற்றத்தில் கோலின் நீளத்தை 5 முதல் 10 செ.மீ. குறைக்க வேண்டும், இறக்கத்தில் அதே அளவு கூட்ட வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. சரிதான். ஆனால் காட்டுப்பாதை அப்படி ஒரே சீராகவா போகிறது? நாலு படி ஏறும், இரண்டு அடி இறங்கும், மறுபடி ஏறும். ஒவ்வொரு தடவையும் நின்று நீளத்தை மாற்றுகிறவரை நான் பார்த்ததில்லை. கையை மேலும் கீழும் நகர்த்துவதுதான் நடைமுறை. அதனால்தான் சுருக்குக் கோலில் பிடிக்குக் கீழேயும் ஒரு சாண் நீளத்துக்கு ஃபோம் சுற்றியிருக்கிறதா என்று பார்க்கிறேன். ஏற்றத்தில் அதைப் பிடித்துக்கொள்ளலாம். செங்குத்தான இறக்கத்தில் பிடியின் தலைமேல் உள்ளங்கையை வைத்து ஊன்றலாம், தலை உருண்டையாக இருந்தால்.

மரத்தடியில் இந்தக் கவலையே இல்லை. முழுத் தடியும் பிடிதான். ஆனால் உயரம் வேண்டும். நடக்கும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு நின்று பார்த்தால், முழங்கையைவிட அரை அடியாவது உயரமாக இருக்க வேண்டும். இடுப்பளவு கைத்தடி வயதானவர்கள் வீதியில் நடக்க உதவும். மலை இறக்கத்தில் அதை ஊன்றக் குனிந்தால் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

அந்தக் கார்பன் ஜோடி எப்படிப் போனது என்று சொல்கிறேன். இரண்டு பாறைகளுக்கு நடுவே நுனி மாட்டிக்கொண்டது, உடம்பு முன்னால் போய்விட்டது. படக்கென்று ஒரு சத்தம். துண்டுகளை இறுக்கும் பூட்டுக்குச் சற்று மேலே, பென்சில் ஒடிவதுபோல் சுத்தமாக ஒடிந்தது. கார்பனின் குணமே அதுதான். நேராக வரும் பாரத்தை அருமையாகத் தாங்கும், அதிர்வையும் கொஞ்சம் குறைக்கும். பக்கவாட்டில் நெம்பினால் வளையாது, ஒடியும். அலுமினியம் அதே இடத்தில் வளையும். வளைந்ததை ஒருமாதிரி நிமிர்த்தி, பாதி நீளத்தில் வைத்தாவது வீடு வந்து சேரலாம். பாறை அதிகமுள்ள பாதையில் நடப்பவர் நூறு கிராம் கூடுதலாகச் சுமந்தாலும் பரவாயில்லை என்பது என் கட்சி.

பூட்டு விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். திருகிப் பூட்டும் வகையில், உள்ளே ஒரு பிளாஸ்டிக் துண்டு விரிந்து குழாயை இறுக்கிப் பிடிக்கிறது. தூசியோ ஈரமோ உள்ளே போனால் வழுக்கும், அதுவும் நீங்கள் முழு எடையையும் போடும் நேரம் பார்த்து. வெளியே நெம்புகோல் வைத்த லீவர் லாக்கில் இறுக்கம் கண்ணுக்குத் தெரியும், தளர்ந்தால் அதன் திருகைக் கொஞ்சம் முடுக்கினால் போதும். எதுவானாலும் ஒரு பெரிய இறக்கம் தொடங்கும் முன் கோலை நட்டு, உடம்பின் பாரத்தை ஒரு முறை அதன்மேல் போட்டுப் பார்த்துவிடுவேன். அதிர்வு தாங்க உள்ளே ஸ்பிரிங் வைத்த கோல்களும் கிடைக்கின்றன. இறக்கத்தில் மணிக்கட்டுக்கு இதம்தான், ஆனால் ஏற்றத்தில் நாம் கொடுக்கும் உந்தலில் ஒரு பங்கை ஸ்பிரிங்கே விழுங்கிவிடுகிறது. எனக்கு வேண்டாம்.

பிடிக்குத் தக்கை நல்லது. வியர்வைக்கு ஈடுகொடுக்கும், நாளாக ஆக நம் கைக்கேற்பப் படியும். ஃபோம் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் தேயும். ரப்பர் குளிருக்கு ஏற்றது, வெயிலில் கை கொப்பளிக்கும்.

கைவாரைப் பெரும்பாலோர் மேலிருந்து கையை நுழைத்துத்தான் போட்டுக்கொள்கிறார்கள். கீழிருந்து மேலாக நுழைத்து, வாரையும் சேர்த்துப் பிடியைப் பிடிக்க வேண்டும். அப்போது பாரம் வாரில் தொங்கும், விரல்களை இறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஓடை கடக்கும்போதும், கால் சிக்கக்கூடிய கற்குவியல்களிலும் வாரைக் கழற்றிவிடுங்கள். கோல் மாட்டிக்கொண்டு நாம் விழுந்தால் கட்டைவிரல், மணிக்கட்டு இரண்டுக்கும் ஆபத்து.

நுனியில் இருப்பது பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு. மண்ணிலும் சொரசொரப்பான பாறையிலும் நன்றாகக் கவ்வும். அதன்மேல் மாட்டும் ரப்பர் புஷ் (உறை) போட்டால் காய்ந்த பாறையிலும் தார்ச்சாலையிலும் சத்தமில்லாமல் பிடிக்கும், பாறையில் கீறலும் விழாது. சேற்றிலும் ஈர இலைகளிலும் அதே புஷ் சறுக்கும், கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். மரத்தடிக்கு இரும்புப் பூண் போட்டிருந்தால் அடி பிளக்காது. வருடத்துக்கு ஒரு முறை ஆளி எண்ணெய் தடவி வைத்தால் தடி வெடிக்காமல் இருக்கிறது.

முட்டிக்கு உண்மையிலேயே உதவுகிறதா என்று கேட்பார்கள். 25 பாகைச் சரிவில் இறங்கும்போது இரு கோல்களைப் பயன்படுத்தினால் முழங்கால் மூட்டின்மேல் விழும் விசைகள் 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்ததாக 1999இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் கோலைக் காலுக்கு முன்னதாக ஊன்றினால்தான் பலன். கால் போய்ச் சேர்ந்தபின் ஊன்றுவது அலங்காரம்.

ஒற்றைத் தடியின் அருமை ஓடையில் தெரியும். நீர் வரும் திசையை நோக்கி நின்று, தடியை முன்னால் ஊன்றி, கொஞ்சம் சாய்ந்துகொள்வேன். இரண்டு கால், ஒரு தடி. இதில் எப்போதும் இரண்டு தரையில் இருக்க, ஒன்று மட்டும் பக்கவாட்டில் நகரும். தடியால் முன்கூட்டியே குத்தி ஆழம் பார்க்கலாம். பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுவது கட்டாயம். அப்புறம், அதிகாலையில் முதல் ஆளாகப் போனால் முகத்தில் சிலந்தி வலை ஒட்டும் பாருங்கள், தடியை முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தால் அந்தத் தொல்லையும் இல்லை. எந்த விளம்பரத்திலும் வராத பயன் இது!

வீடு வந்ததும் சுருக்குக் கோலைத் துண்டு துண்டாகப் பிரித்துத் துடைத்து, நிழலில் உலர்த்திவிட்டுத்தான் சேர்க்கிறேன். ஈரத்தோடு பூட்டி வைத்தால் அலுமினியத்தில் வெள்ளையாகப் பூத்துத் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் மட்டும் போடாதீர்கள், பூட்டு வழுக்கும்.

கேமரா, வரைபடம், குழந்தையின் கை என்று ஏதாவது பிடிக்க ஒரு கை எப்போதும் வேண்டுமென்றால் ஒற்றைத் தடி. நீண்ட இறக்கம், கனமான பை, ஏற்கெனவே வலிக்கும் முட்டி, இதில் ஏதாவது இரண்டு சேர்ந்தால் யோசிக்காமல் ஜோடியாக வாங்குங்கள்.