தோட்டப் பள்ளிக்கு ஆர்க்கிடெக்ட் எதற்கு என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் புதுக் கட்டடத்தில் பிள்ளைகள் படிக்க ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. வரைந்து கொடுத்தது ஈப்போவில் இருக்கும் ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் அலுவலகம். பள்ளி வாரியத்தில் இருப்பதால் முதல் கூட்டத்திலிருந்து சாவி வாங்கிய நாள்வரை பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

பழைய கட்டடத்துக்கு நாங்கள் யாரையும் வைக்கவில்லை. குத்தகையாளரே எங்கோ கட்டிய ஒன்றின் பிளானைக் கொண்டுவந்தார், சாலையைப் பார்த்த மாதிரி நிறுத்திவிட்டார், ஜன்னல் வரிசை முழுக்கக் கிழக்கே போய்விட்டது. காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுவரை வெயில் நேராக மேசைமேல் விழும். திரையை இழுத்தால் காற்று இல்லை, பட்டப்பகலில் விளக்கு எரியும். மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் பாடமே நின்றுபோகும்.

இந்த ஆர்க்கிடெக்ட் அம்மா முதல் நாள் வந்தபோது ஒரு தாள்கூடக் கொண்டுவரவில்லை. மூன்றாம் ஆண்டு வகுப்பில் கடைசி மேசையில் போய் உட்கார்ந்தவர் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. முன் வரிசையில் ஒரு பிள்ளை இடது கையால் ஃபைலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வலது கையால் எழுதிக்கொண்டிருந்தது. பத்து வருஷமாக அந்த வகுப்புக்குள் போய் வருகிறோம், எங்கள் கண்ணில் அது பட்டதே இல்லை.

நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் ஒரு மணிக்கு மேல்தான், ஆகவே காலைப் பள்ளிக்குக் கிழக்கு வெயில்தான் எதிரி என்று அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. புதுக் கட்டடத்தின் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன, கிழக்குக் கோடியில் மாடிப்படியும் சாமான் அறையும் வெயிலை வாங்கிக்கொள்கின்றன. கூரைத் தகரத்துக்கு அடியில் சத்தத்தை அடக்கும் ராக்வூல் என்ற கல்நார்ப் பஞ்சு மாதிரிப் பொருளைப் போட்டிருப்பதால் போன மாதம் அடைமழையிலும் வாய்ப்பாடு சொல்வது வெளியே கேட்டது. வகுப்பறைக்குத் தரைப் பரப்பில் 20 விழுக்காடு ஜன்னல், 10 விழுக்காடு காற்று வரும் திறப்பு வேண்டும் என்று 1984ஆம் ஆண்டு கட்டட விதிகளிலேயே இருக்கிறதாம், அதையும் அளந்து காட்டினார்.

கட்டணம் கேட்டபோது வாரியத்தில் பெரிய சண்டை, அந்தப் பணத்தில் இன்னொரு வகுப்பறை கட்டலாமே என்று நானே பேசினேன். இப்போது அப்படிப் பேச மாட்டேன். கட்டடம் விதிப்படி முடிந்தது என்று காட்டும் சிசிசி சான்றிதழில் 2007இலிருந்து கையெழுத்துப் போடுவது ஆர்க்கிடெக்ட், பொறியாளர் போன்ற பதிவு பெற்ற நிபுணர்கள்தான், எங்களுக்கு அது இல்லாமல் கட்டடத்துக்குள் குடிபுகவே முடியாது. அதனால் எந்த ஆர்க்கிடெக்டை வைத்தாலும் மலேசிய ஆர்க்கிடெக்ட் வாரியமான எல்.ஏ.எம்.மில் பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அவர்கள் இணையத்தளத்திலேயே தேடலாம்.

குறையும் உண்டு. முதல் வரைபடம் வர இரண்டு மாதம் இழுத்தது, போன் எடுக்கவும் தாமதம்தான். கூட்டத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கியதில் பெரியவர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அப்புறம் அட்டையில் மாதிரி செய்து கொண்டுவந்த பிறகுதான் கேள்வியே வந்தது. சிற்றுண்டிச்சாலை பக்கம் கை கழுவ மூன்றே குழாய், ஓய்வு மணி அடித்தால் வரிசை படிவரை நிற்கிறது. சொன்னவுடன் மறுவாரமே வந்து பார்த்தார். வருஷக் கடைசி விடுமுறையில் இன்னும் நான்கு குழாய் வைக்கிறோம், அதையும் அவரையே வரையச் சொல்லியிருக்கிறோம்.