கரிசலாங்கண்ணித் தைலம்: ஓராண்டு தேய்த்தால் என்ன மாறும், எது மாறாது

தைலம் தொடங்கிய மூன்றாம் மாதம் முடி கொட்டுவது நின்றுவிட்டது என்பார்கள். பல நேரம் அந்தப் பாராட்டு காலண்டருக்குப் போக வேண்டியது. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் எதுவானாலும் அந்த நேரத்தில் முடி விழாது. ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போன வேர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பழைய முடியைக் கொத்தாகத் தள்ளும். பயந்துபோய்த் தைலம் வாங்குவதும் அப்போதுதான். காரணம் விலகிவிட்டால், ஒன்றும் தேய்க்காமலே ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆகவே முதலில் சீப்பில் வந்த முடியை ஒரு வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலைபோல வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. குமிழ் இல்லாத குட்டைத் துண்டாக இருந்தால் பாதியில் உடைந்தது. எண்ணெய் நிச்சயமாக உதவுவது இந்த இரண்டாவதற்குத்தான்.

வகிடு அகலமாவதும், நெற்றியோரம் ஏறுவதும், ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து பூனைமுடியாவதும் வேறு கதை. அது பரம்பரையும் டிஹெச்டி என்ற ஆண் ஹார்மோனும் செய்கிற வேலை. மினாக்ஸிடில், ஆண்களுக்கு ஃபினாஸ்டரைடு ஆகிய மருந்துகளுக்கு இருக்கும் அளவு சான்று எந்தத் தைலத்துக்கும் இல்லை. காசு அளவில் வட்டமாகச் சொட்டை விழுந்தால் புழுவெட்டு. அதை மருத்துவர் பார்க்க வேண்டும். தலை முழுக்க அடர்த்தி குறைந்தால் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சத்து இருப்பு), தைராய்டு இரண்டையும் சோதித்துவிட்டு எண்ணெய்ப் பக்கம் வரலாம்.

ஆயுர்வேதமும் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைப்பதில்லை. ரோமக்காலில் இருக்கும் பித்தம் வாதத்தோடு சேர்ந்து முடியை உதிர்க்கிறது, பிறகு கபமும் ரத்தமும் அந்தத் துளையை அடைத்துவிடுவதால் மறுபடி முளைப்பதில்லை என்கிறது சுஸ்ருத சம்ஹிதை. முடி உதிர்வைக் குறிக்கும் கலித்தியம், இந்திரலுப்தம் என்ற பெயர்கள் அங்கிருந்து வருபவை. தலைக்குக் குளிர்ச்சியான தைலம் சொல்வதன் பின்னணி இதுதான்.

காய்ச்சும் கணக்கு எளிது: கல்கம் (அரைத்த மூலிகை விழுது) 1, எண்ணெய் 4, சாறு 16. அதாவது 250 மில்லி நல்லெண்ணெய்க்கு 1 லிட்டர் கரிசலாங்கண்ணி இலைச்சாறு, நெல்லி வற்றலும் அதிமதுரமும் அரைத்த விழுது 60 கிராம் அளவில். அடிகனமான, வாயகன்ற பாத்திரம் வேண்டும், சாறு பொங்கும். அடுப்பைத் தூக்கி வைத்தால் விழுது அடிப்பிடித்துக் கருகும், எண்ணெய் முழுக்க அந்த வாடைதான். சிறு தீயில் மணிக்கணக்கில் கிண்டுவதற்குக் குறுக்குவழி கிடையாது.

பதம் பார்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அடியில் உள்ள வண்டலை எடுத்து விரலிடையில் உருட்டுங்கள். சேறாக ஒட்டினால் நீர் இருக்கிறது. மெழுகாகத் திரண்டால் சரி. மணலாக உதிர்ந்தால் முற்றிவிட்டது. சந்தேகம் இருந்தால் உருட்டிய திரியைச் சுடரில் காட்டுங்கள். சடசடத்தால் இன்னும் ஈரம். அந்த ஈரத்தோடு பாட்டிலில் ஊற்றினால் சில வாரங்களில் சிக்கு வாடை, பிறகு பூஞ்சை. இறக்கியதும் சூடு ஆறுமுன் வடிகட்டி, காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். ஈரக்கை படக் கூடாது.

கடையில் வாங்கினால் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். மூலிகைப் பெயர்களுக்குக் கீழே திரவ பாரஃபின் என்று இருந்தால் அது வாசனை போட்ட மினரல் ஆயில். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோதான் அடிப்படையாக இருக்க வேண்டும்.

வாரம் இருமுறை, ஒருமுறைக்கு 5 முதல் 10 மில்லி போதும். வகிடு வகிடாகப் பிரித்து, நகம் படாமல் விரல்நுனியால் தேய்த்து, அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் அலசிவிடலாம். இரவு முழுக்க ஊறவைத்தால் தலையணை உறை பச்சைக் கறுப்பாவது மட்டும் உறுதி. பொடுகு இருந்தால் முதலில் கீட்டோகோனசோல் ஷாம்பு போட்டு அடக்குங்கள்; பொடுகுக்குக் காரணமான மலசீசியா ஈஸ்ட் எண்ணெயைத் தின்றே வளர்கிறது. நெற்றியோரம் சிறு கொப்புளங்கள் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

குளிக்கும் நாளில் கைநிறைய முடி வருகிறதே என்பது அடிக்கடி வரும் புகார். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. மூன்று நாள் அலசாமல் இருந்தால் 150 முதல் 300 வரை சேர்ந்து வரும், அவ்வளவுதான்.

முதல் மாதத்திலேயே சிக்கும் வறட்சியும் குறைந்துவிடும். ஆறு மாதத்தில் தாளில் விழும் குட்டைத் துண்டுகள் குறையும். மாதம் ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிற முடி ஓராண்டில் 12 செ.மீ.தான் புதிதாக வரும்; இடுப்பளவு முடியின் நுனி பல ஆண்டுப் பழசு, அங்கே பிளவு இருந்தால் கத்தரிதான் மருந்து. நரை கறுக்காது, சாயம்போலக் கொஞ்சம் ஒட்டும். அகலமான வகிடு அகலமாகவே இருக்கும். மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில், அதே வகிட்டில் படம் எடுத்து ஒப்பிட்டால் ஆசை கலக்காத பதில் கிடைக்கும்.

முடிக்காக மூலிகை மருந்துகளை உள்ளுக்குச் சாப்பிடுவதில் கவனம் தேவை. அஸ்வகந்தா தைராய்டு மாத்திரையோடு மோதலாம்; கர்ப்பிணிகளுக்குக் கூடாது. உலோகப் பஸ்மங்களை மருத்துவர் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

சொட்டை விழுந்த இடத்தில் தோல் பளபளத்து, ரோமக்காலின் புள்ளிகளே தெரியாமல் இருந்தால் அன்றைக்கே தோல் மருத்துவரிடம் போங்கள். தழும்பாகிப் போன ரோமக்காலில் மறுபடி முடி முளைக்காது. தைலத்தோடு காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் பக்கத்து ரோமக்கால்களும் அதே கதிக்குப் போகலாம்.