சால்ஃபோர்டு தொழிலாளர் இயக்க நூலகம்: ஒரு நாள் போதவில்லை

மான்செஸ்டரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இந்த ஊருக்கு வருகிறவர்களை எல்லோரும் கால்பந்து மைதானத்துக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். நான் பக்கத்து நகரமான சால்ஃபோர்டில் உள்ள தொழிலாளர் இயக்க நூலகத்துக்குப் போனேன். அடுத்த வாரம் மறுபடியும் போனேன்.

பல்கலைக்கழகத்துக்கு எதிரே, கிரசன்ட் சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. என்ன பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் எடுத்து வைத்திருப்பார்கள். நான் எழுதியது மூன்றே சொல்: மீரட் சதி வழக்கு.

போனபோது மேசையில் துண்டுப் பிரசுரங்கள் காத்திருந்தன. தாள் வாழைச்சருகு நிறத்துக்கு வந்துவிட்டது. பின் அடித்த இடத்தில் துரு இரண்டு புள்ளிகளாக இறங்கியிருந்தது. 1929 மார்ச்சில், பிரிட்டிஷ் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தார்கள் என்று குற்றம் சாட்டி, இந்தியாவெங்கும் 31 தொழிற்சங்கத் தலைவர்களையும் கம்யூனிஸ்டுகளையும் பிடித்து மீரட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் பிலிப் ஸ்ப்ராட், பென் பிராட்லி இருவரும் ஆங்கிலேயர்கள். ஜூனில் ஹட்சின்சன் என்ற இன்னொரு ஆங்கிலேயரும் சேர்ந்தார். தீர்ப்பு வர 1933 ஜனவரி ஆனது. ஸ்ப்ராட்டுக்கு 12 ஆண்டுகள். மேல்முறையீட்டில் அது இரண்டாகக் குறைந்தது. பிறகு சிங்காரவேலர் குடும்பத்துப் பெண்ணை மணந்து, கடைசியில் சென்னையிலேயே கண்மூடினார். பிற்காலத்தில் அவர் கம்யூனிசத்தை விட்டு விலகியதும் எனக்குத் தெரியும். அதனால் அந்தச் சிறைவாசத்தின் மதிப்பு எனக்குக் குறையவில்லை.

அந்தக் கைதிகளுக்காக இங்கே ஒரு வீதி நாடகம் போட்டிருக்கிறார்கள். திரையில்லை, விளக்கில்லை. நடிகர்கள் ஆளுக்கொரு கம்பைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்தால் அதுதான் சிறைக் கம்பி. அதன் பின்னாலிருந்து மீரட் கைதிகளின் குரலில் பேசுவார்கள். சால்ஃபோர்டின் வேலையற்ற இளைஞர்களும் இதைத் தெருவில் நடித்தவர்கள். தங்களுக்கே வேலை இல்லாத காலத்தில் நம் ஊர்க் கைதிகளுக்காகத் தொண்டை வறளக் கத்தியிருக்கிறார்கள். அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நூலகத்தை உருவாக்கிய எடி ஃப்ரோ பொறியியல் தொழிலாளி. அவர் மனைவி ரூத் ஆசிரியை. 1953இல் ஒரு தொழிலாளர் வரலாற்று வகுப்பில்தான் இருவரும் சந்தித்தார்கள். விடுமுறை கிடைத்தால் பழைய புத்தகக் கடைகளைத் தேடி ஊர் ஊராகப் போய், சம்பளத்தில் வாங்கி வீட்டில் அடுக்கினார்கள். வீடு கொள்ளாமல் 1987இல் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லிச் செய்த வேலையல்ல இது. வகுப்புக்கு வந்த இரண்டு பேர் செய்தது.

என் அப்பா பெரம்பூர் பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தந்த மில் அது. நான் தொலைபேசித் துறையில் இருந்தபோது இருபது ஆண்டுகள் சங்க வகுப்பு எடுத்திருக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணி, டீ, சைக்ளோஸ்டைல் தாள். வகுப்பு முடிந்தால் அந்தத் தாளில் வடை மடித்துக் கொடுப்போம்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பொதுவாகச் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். ஒரு பெயரோ ஒரு வேலைநிறுத்தமோ மனதில் வைத்துக்கொண்டு போங்கள். அங்கிருப்பவர்கள் அந்த இழையைப் பிடித்து உங்களை எங்கெங்கோ கூட்டிப்போவார்கள்.

எங்கள் வகுப்புத் தாள்களில் ஒரே ஒரு கட்டு பெரம்பூர் வீட்டுப் பரணில் மிஞ்சியிருக்கிறது. கரையான் ஏறுவதற்குள் இறக்கி வைக்கச் சொல்லி நேற்றிரவு தம்பிக்குப் போன் செய்துவிட்டேன்.