உண்ணிக்கு எது சரி: வேப்பிலையா, பவுடரா, சொட்டு மருந்தா, மாத்திரையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்வேலியைத் தாண்டினால் செம்பனைதான். வீட்டில் கறுப்பன் என்றொரு நாய், சீனி என்றொரு பூனை. சென்ற ஆண்டு ஒரு நாள் கறுப்பனின் காது மடலைத் திருப்பிப் பார்த்தேன். ஆமணக்கு விதை போலச் சாம்பல் நிறத்தில் உப்பிய மூன்று உண்ணிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஆமணக்கின் அறிவியல் பெயரான ரிசினஸ், இலத்தீனில் உண்ணியைக் குறிக்கும் சொல். பெயர் வைத்தவரும் நாய் வளர்த்திருப்பார் போலும்.

முதலில் பக்கத்து வீட்டு அக்காவின் வைத்தியம். "தம்பி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசு. தோட்டத்து லயத்தில் இருந்தபோது மாட்டுக்கும் இதைத்தான் பூசினோம்" என்றார். பூசினேன். கறுப்பன் மஞ்சள் நாயானான், திண்ணைச் சுவரும் மஞ்சளானது, உண்ணிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடியது. தோலில் தலையைப் புதைத்து இரத்தம் குடித்துக்கொண்டிருக்கும் உண்ணியை அது உதிர்த்துவிடாது. செலவில்லாத வைத்தியம்தான், ஆனால் அதை நம்பிக் காத்திருக்கும் நாட்களில் நோய் முந்திக்கொள்ளும். பூனைக்கு இது அறவே வேண்டாம். பூசியதையெல்லாம் நக்கித் தின்னாமல் அது தூங்கப் போகாது. மண்ணெண்ணெய் தேய்க்கச் சொல்பவர்களும் ஊரில் உண்டு. தோல் வெந்துபோகும், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அடுத்தது பவுடரும் உண்ணி சோப்பும். கடையில் கைநீட்டினால் கிடைப்பவை, விலையும் குறைவு. பவுடர் போட்ட அன்று உண்ணி உதிர்வது கண்ணுக்குத் தெரியும், அதனால் நம்பிக்கையும் பிறக்கும். ஆனால் இங்கே மதியம் கறுத்தால் மாலையில் மழை. நாய் ஒருமுறை நனைந்தால் போட்டதில் பாதி கால்வாயில்.

பவுடரை நான் ஒதுக்கியதற்கு மழை காரணமில்லை, சீனிதான் காரணம். நாய்களுக்கான பல பவுடர்களிலும் சொட்டு மருந்துகளிலும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் ஈரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்த வலு இல்லை. எதிர்வரிசை வீட்டில் மிச்சமிருந்த நாய்ப் பவுடரைப் பூனைக்கும் தூவிவிட்டார்கள். விற்ற கடையில் யாரும் எச்சரிக்கவில்லை. இரவில் அந்தப் பூனையின் காது துடித்தது, பிறகு முகம், பிறகு உடம்பு முழுவதும் நடுக்கம். ஈப்போவுக்குக் கொண்டு ஓடி இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்துக் காப்பாற்றினார்கள். சேமித்த காசைப் போல் பல மடங்கு அங்கே போனது.

இதைவிட மோசமானது தோட்டத்து ஸ்டோரிலிருந்து வரும் 'கொஞ்சம் மருந்து'. செம்பனையில் காண்டாமிருக வண்டுக்கு அடிக்கும் சைபர்மெத்ரினைக் கண்ணளவில் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுகிறார்கள். அதுவும் பெர்மெத்ரின் குடும்பம்தான், வயலுக்கான வீரியத்தில். மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர்கள் கையுறையும் முகமூடியும் போட்டுத் தொடும் பொருளை நாயின் மேல் வெறுங்கையால் தேய்ப்பதில் என்ன கணக்கு இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

சொட்டு மருந்துக்கு வருவோம். ஃபிப்ரோனில் கலந்தது எளிதாகக் கிடைக்கும். பிடரியில் மயிரைப் பிளந்து, நக்க முடியாத இடத்தில், தோலின் மேல் விட வேண்டும். மயிரின் மேல் விட்டால் காசு வீண். தோலின் எண்ணெய்ச் சுரப்போடு பரவி ஏறக்குறைய ஒரு மாதம் வேலை செய்யும். விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. பூனைக்கென்று தனிக் குழாய் வருகிறது, சீனிக்கு இதுதான். நாய்க் குழாயைப் பாதியாக்கிப் பூனைக்கு விடும் சிக்கனம் வேண்டாம். வீட்டில் முயல் இருந்தால் ஃபிப்ரோனிலை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், முயலுக்கு நஞ்சு. கறுப்பனுக்கு இது ஒத்துவரவில்லை. கால்வாயில் இறங்காத நாள் அவனுக்கு நாளே இல்லை.

மருந்தேற்றிய கழுத்துப் பட்டை மாதக்கணக்கில் உழைக்கும். ஆனால் அடிக்கடி நனையும் நாய்க்கு அதன் ஆயுள் குறையும்.

கடைசியில் கறுப்பன் மாத்திரைக்கு மாறினான். அஃபோக்சோலனர் மாதம் ஒன்று. ஃபுளுராலனர் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒன்று. இரண்டும் எடைக்கேற்ற அளவில் வரும். மழையும் கால்வாயும் இவற்றை ஒன்றும் செய்யாது. விலையைக் கேட்டதும் நெஞ்சு ஒருமுறை அடைக்கும் என்பது உண்மை. ஆனால் பாதி வேலை செய்யும் பவுடரை மாதம் இரண்டு டப்பா வாங்குகிறவர் கூட்டிப் பார்த்தால், இடைவெளி அவ்வளவு பெரிதில்லை.

குறைகளும் உண்டு. வலிப்பு வந்த நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. இந்த வகை மருந்துகள் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் அப்படி எச்சரித்தது. இன்னொன்று, உண்ணி கடித்து இரத்தம் குடித்தால்தான் மாத்திரை அதைக் கொல்லும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற நோய்க்கிருமியோ கடித்த சில மணி நேரத்திலேயே நாய்க்குள் இறங்கிவிடலாம். கடிக்கும் முன்பே விரட்டுவது பெர்மெத்ரின் சொட்டு மருந்தின் பலம். பூனை இல்லாத வீடென்றால் நானும் அதைத்தான் முதலில் யோசித்திருப்பேன்.

மாத்திரை தின்னும் நாயாயிற்றே என்று அசட்டையாகவும் இருக்க முடியாது. சாப்பாட்டில் மூக்கை வைக்காமல் சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ அன்றே காட்ட வேண்டும். எர்லிக்கியா என்று தெரிந்தால் டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நான்கு வாரம் வரை ஓடும். நாய் தேறிவிட்டதென்று இடையில் நிறுத்தக் கூடாது.

உண்ணி செம்பனைக் காட்டிலிருந்துதான் ஏறி வருகிறது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அது தவறு. நம் நாய்களில் அதிகம் காணும் பழுப்பு நாய் உண்ணி நம்மோடு வீட்டில்தான் குடியிருக்கிறது. குடித்து முடித்ததும் உதிர்ந்து, சுவர் வெடிப்பைத் தேடி ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகிறது. குஞ்சுகள் திரும்ப நாயைத் தேடி வருகின்றன. பெரிய உண்ணிகள் இரத்தமில்லாமல் பல மாதம் காத்திருக்கும். ஆகவே ஒரே ஒரு மாதம் மருந்து கொடுத்து நிறுத்துவது, எந்த மருந்தானாலும், வீண் செலவு.

திண்ணைச் சுவரின் வெடிப்புகளைச் சிமெண்டு பூசி அடைத்தேன். சாக்குப் படுக்கையை எரித்துவிட்டு, வெந்நீரில் அலசக்கூடிய துணி போட்டேன். கையில் சிக்கும் உண்ணியை நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுகிறேன். இப்போதும் இரவில் டார்ச் விளக்கோடு அந்தச் சுவரைப் பார்ப்பேன். சென்ற வாரம் கதவு நிலைக்கு மேலே ஒன்று ஏறிக்கொண்டிருந்தது, தட்டையாக, பசியோடு.