காரோடு வந்த போன்: பழுது போனில் இல்லை, வயரில்

ஜெர்மனியில் பழைய செடான் ஒன்றை விலை பேசி வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "கார்லயே சிம் போடுற போன் இருக்கு. ஆனா ரெண்டு கோட்டுக்கு மேல சிக்னல் ஏறவே இல்ல. கையில இருக்குற போன்ல நாலு கோடு காட்டுது. வாங்கலாமா?" இந்த வகைப் போனை வருடக்கணக்கில் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் சொல்லும் குறையும் இதுதான். பதில் நீளமாகிவிட்டதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த நாலு கோட்டை நம்ப வேண்டாம். கைப்போன் காட்டுவது பெரும்பாலும் 800 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ, அதாவது 4ஜி. காரின் மாட்யூல், அதாவது காருக்குள் பதித்த போன் பெட்டி, பேசுவது 2ஜி, அதாவது 900 அல்லது 1800. மாட்யூல் 3ஜி தெரிந்ததாக இருந்தாலும் பயனில்லை, ஜெர்மனியில் 3ஜி 2021லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இரண்டையும் ஒப்பிட வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் அதே நிறுவனத்தின் சிம்மைப் போட்டு, நெட்வொர்க் அமைப்பில் '2ஜி மட்டும்' என்று மாற்றி, சிம் நிலைப் பக்கத்தில் சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 70 நல்ல சிக்னல், மைனஸ் 100 என்றால் பேச்சு அறுந்து அறுந்து வரும். காருக்குள் உட்கார்ந்து பார்க்கும்போது அந்தப் போனில் மைனஸ் 80 இருந்தும் காரின் போன் ஒரு கோட்டில் நின்றால், அது உண்மையான பழுது.

அடுத்து, பேசுவது எந்த ஆன்டெனா என்று தெரிய வேண்டும். வெறும் புளூடூத் ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்றால் கூரைமேல் இருக்கும் சுறாத்துடுப்பு வடிவ ஆன்டெனாவுக்கும் உங்கள் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை, பேசுவது கைப்போனின் ஆன்டெனாதான். அதுவும் வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சுக் கண்ணாடி போட்ட காருக்குள் இருந்து. ஆர்எஸ்ஏபி என்ற புளூடூத் முறை என்றால் கைப்போனின் சிம்மை புளூடூத் வழியாகக் கார் இரவல் வாங்கிக்கொண்டு, தன் சொந்த மாட்யூலில், தன் சொந்த ஆன்டெனாவில் பேசும். ஐபோனில் இந்த வசதி கிடையாது. மூன்றாவது வகைதான் நண்பர் பார்த்தது: காரிலேயே சிம் துளை. இதற்கு அதே எண்ணில் இரண்டாவது சிம் வாங்கிக்கொள்வது நல்லது. நானோ சிம்மை அடாப்டரில் வைத்துச் சொருகினால் குண்டும் குழியுமான சாலையில் தொடர்பு விட்டு விட்டு வரும். அதைச் சிக்னல் குறை என்று எண்ணி அலைபவர்கள் நிறைய. முழு அளவு மினி சிம்மாகவே கேட்டு வாங்குங்கள்.

இனி வயருக்கு வருவோம். சிக்னல் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். எரிச்சலும் இங்கேதான்.

கூரையின் பின்விளிம்பில் இருக்கும் துடுப்பிலிருந்து பின்தூண் வழியாக டிக்கியின் பக்கச்சுவருக்கு ஒரு மெல்லிய கேபிள் இறங்கும். ஆர்ஜி-174 ரகக் கேபிள் என்றால் 900இல் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபல் தின்னும், 1800இல் ஒன்றரை. நாலு மீட்டர் ஓடினால் 1800இல் 6 டெசிபல் போய்விடும். மாட்யூல் அனுப்பிய 1 வாட்டில் கால் வாட்தான் கூரைக்குப் போய்ச் சேரும். இது கேபிள் புதிதாக இருக்கும்போது உள்ள கணக்கு. பத்து வருடத்தில் துடுப்பின் அடி ரப்பர் இறுகி வெடிக்கும், கார் கழுவும் இடத்தின் அழுத்தத் தண்ணீர் உள்ளே இறங்கும். கூரைத் துணியின் பின்பக்கத்தை இறக்கிப் பார்த்தால், போனுக்கான ஊதா நிற ஃபக்ரா (கார் ஆன்டெனா கேபிள்களில் வரும் பிளக் வகை) இணைப்பின் நடு ஊசியைச் சுற்றிப் பச்சைப் பொடி பூத்திருக்கும். கேபிளின் பின்னல் கறுத்து, விரலால் நெருடினால் உதிரும். பக்கத்திலேயே ஜிபிஎஸ்ஸுக்கான நீல இணைப்பு பளிச்சென்று இருக்கலாம். அதனால் 'வழிகாட்டி நன்றாக வேலை செய்கிறதே, ஆன்டெனா நல்லதுதான்' என்ற முடிவு தவறு.

பட்டறையில் கணினியைச் சொருகி, பிழை எதுவும் பதிவாகவில்லை, மாட்யூலை மாற்றுங்கள், சில நூறு யூரோ ஆகும் என்று சொல்வதைக் கேட்கும்போதுதான் கோபம் வருகிறது. பிழை ஏன் பதிவாகவில்லை? பல கார்களில் அந்தச் சோதனை பார்ப்பது ஆன்டெனா வழியின் நேர்மின் தடையை மட்டும். பச்சை பூத்த இணைப்பு அந்தச் சிறு மின்னோட்டத்தைத் தாராளமாக விடும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையை மட்டும் திருப்பி அடிக்கும். மாட்யூலை மாற்றினாலும் அதே இரண்டு கோடுதான் வரும்.

பத்து நிமிடச் சோதனை ஒன்று போதும். போனை அணைத்து, டிக்கியில் மாட்யூலுக்குப் போகும் ஊதா இணைப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி இயக்கிக் கோட்டைப் பாருங்கள். ஆன்டெனா இல்லாத அந்த நிலையில் யாரையும் அழைக்க வேண்டாம், பார்த்ததும் அணைத்துவிடுங்கள். கழற்றியும் கோடு குறையவில்லை என்றால் அதுவரை ஆன்டெனாவே வேலை செய்யவில்லை என்று பொருள். பிறகு ஃபக்ரா முனையுள்ள மலிவான காந்த ஆன்டெனா ஒன்றை அங்கே சொருகி, கூரையின் நடுவில் ஒட்டுங்கள். கோடு ஏறினால் மாட்யூல் நல்லது, பழுது கேபிளிலோ துடுப்பிலோ. கூரை நடுவில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: 900இல் கால் அலை, அதாவது ஆன்டெனாக் கம்பியின் நீளம், 8 சென்டிமீட்டர் சொச்சம்தான், ஆனால் அதன் அடியில் நாலு பக்கமும் உலோகத் தகடு விரிந்திருந்தால்தான் அது சரியாக வேலை செய்யும்.

சரிசெய்வது கடினமில்லை. துடுப்பைக் கழற்றி, அடித்தகடு கூரையோடு தொடும் இடத்தில் துருவைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்து, புது ரப்பர் போட்டு, கேபிளின் மேல்முனை அரை மீட்டரை வெட்டி ஃபக்ரா முனையோடு வரும் துண்டை இணைக்க வேண்டும். ஸ்டேஷன் வேகனில் ஆன்டெனா பின்கதவில் இருந்தால், கதவுக் கீலருகே இருக்கும் ரப்பர்க் குழாய்க்குள்தான் கேபிள் உடைந்திருக்கும். பின்கண்ணாடிக்குள் ஆன்டெனா உள்ள காரில் உலோகக் கறுப்புப் படம் ஒட்டியிருந்தால் அதை உரிப்பதைத் தவிர வழியில்லை. போனைத் தொட்டிலில் செருகும் பழைய கார்களில் காம்பன்சேட்டர் என்று ஒரு பெட்டி வரும், கேபிள் இழப்பை ஈடுகட்டும் பெருக்கி. அது செத்துவிட்டால் தொட்டிலில் வைத்ததும் சிக்னல் குறையும், எடுத்ததும் கூடும். கேபிளோ ஆன்டெனாவோ கெட்டிருந்தாலும் இதே அறிகுறி வரலாம்.

சரியாகிவிட்டால் இந்தப் போன் தரும் சுகத்தை மறைக்க முடியாது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து உல்ம் போகும் ஏ8இல் மலை ஏறும்போதும், கருங்காட்டுப் பள்ளத்தாக்குகளிலும், காருக்குள் இருக்கும் கைப்போன் தடுமாறும் இடத்தில் இது தெளிவாகப் பேசும். கண்ணாடி, கை, தலை எதுவும் குறுக்கே இல்லை. மைக் கூரை விளக்கருகே இருப்பதால் எதிர்முனையில் காற்றிரைச்சல் கேட்காது. பல கார்களில் அவசர அழைப்பும் இதே ஆன்டெனாவில்தான் போகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதைச் சரியாக வைத்திருக்க வேண்டும்.

இருந்தும் நண்பருக்கு என் பதில்: இந்தப் போனுக்காக ஒரு யூரோகூட அதிகம் தராதீர்கள். ஜெர்மனியின் டெலிகாம் நிறுவனம் 2028 நடுவில் 2ஜியையும் நிறுத்தப்போவதாக அறிவித்திருக்கிறது, அதன்பின் அந்தச் சிம் துளை வெறும் துளை. கார் பிடித்திருந்தால் பார்க்கப் போகும்போது ஒரு மினி சிம்மும் காந்த ஆன்டெனாவும் எடுத்துப் போங்கள். டிக்கிப் பக்கச்சுவரைத் திறக்கும்போதே கம்பளத்தின் அடியில் கைவைத்துப் பாருங்கள், துடுப்பில் இறங்கும் தண்ணீர் கேபிள் வழியாக அங்கேதான் வந்து சேரும். ஈரம் இருந்தால் போனை மறந்துவிட்டு, மற்ற மாட்யூல்கள் நனைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.